கவுன்ட்டர் வரிசையைச் சிம்பையில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஒருவரைக் கவனித்து அனுப்பச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. கவுன்ட்டர் ஒன்றுதான். வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும்? இதற்குப் பைத்தானும், இப்படிப்பட்ட நிகழ்வுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் அதன் சிம்பை நூலகமும் போதும்.

கவுன்ட்டரை 'ரிசோர்ஸ்' (பலர் பங்கிடும் வளம்) ஆக்கி, கெப்பாசிட்டி, அதாவது ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடியவர் எண்ணிக்கை, 1 கொடுங்கள். ஃபங்ஷன் இரண்டு தேவை. ஒன்று ஆட்களை வரவைக்கும். மற்றொன்று ஒருவரின் வருகை: வந்த நேரத்தைக் குறி, கவுன்ட்டரைக் கேள், கிடைத்ததும் அப்போதைய நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்துக் காத்திருப்பைப் பார், சேவை நேரம் முடியும்வரை இரு, போ.

தவறு நடக்கும் இடங்கள் பழக்கமானவை. தற்செயலான இடைவெளிகளைத் தரும் பைத்தான் ஃபங்ஷனான 'எக்ஸ்போவேரியேட்' கேட்பது சராசரியை அல்ல, வீதத்தை (நிமிடத்துக்கு எத்தனை பேர்). 1/5, 1/4 என்று கொடுக்க வேண்டும். 5, 4 என்றே கொடுத்தால் 5 நிமிடம் 12 நொடியாகவும் 4 நிமிடம் 15 நொடியாகவும் சுருங்கி, வரிசை முடிவில்லாமல் வளரும். சேவை நேரத்தைக் கடத்தும் 'டைம்அவுட்' முன்னால், அது முடியும்வரை நிற்கச் சொல்லும் 'ஈல்டு' விட்டுப்போனால் பிழைச் செய்தியே வராது. எல்லோருக்கும் காத்திருப்பு பூஜ்யம் என்று காட்டும். வேலை முடிந்ததும் கவுன்ட்டரைத் தானே விடுவிக்கும் 'வித்' இல்லாமல் கேட்டுவிட்டு, விடுவிக்கும் 'ரிலீஸ்' மறந்தால், முதல் ஆளோடு கவுன்ட்டர் பூட்டிக்கொள்ளும்.

திரையை அழகுபடுத்தும் முன் விடையைச் சரிபாருங்கள். இந்த வேலையில் இதைவிட முக்கியமான படி இல்லை. வருகை வீதம் 0.2, சேவை வீதம் 0.25. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.8. வரிசைச் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 0.8/(0.25−0.2), அதாவது 16 நிமிடம். 10 லட்சம் நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் 15க்கும் 17க்கும் இடையில் வர வேண்டும். ஒரு நாள், 480 நிமிடம் மட்டும் ஓட்டினால் வருவது 96 பேர் அளவுதான். தற்செயல் எண்களின் தொடக்கமான சீடு எண்ணை மாற்றினாலே விடை தாவும். அதோடு, காலியான வரிசையில் தொடங்குவதால் சராசரி குறைந்தே தெரியும். கெப்பாசிட்டியை 2 ஆக்குங்கள்: 16 நிமிடம் ஏறக்குறைய 46 நொடியாகிவிடும்!

இனி இடைமுகம். பைத்தானோடு வரும் ஜன்னல் நூலகமான டிகின்டரில் வருகை இடைவெளி, சேவை நேரம், கவுன்ட்டர் எண்ணிக்கைக்கு மூன்று ஸ்லைடர், சீடுக்கு ஒரு பெட்டி. ஸ்லைடரில் ஒரு படி இயல்பாக 1 என்றே இருக்கும், நிமிடங்களுக்கு 0.5 ஆக்குங்கள். ஸ்லைடர் நகரும்போதே சிமுலேஷனைத் தொடங்கவைக்காதீர்கள், பட்டனில் வையுங்கள். நீண்ட ஓட்டம் ஜன்னலை உறையவைக்கும் என்பதால் தனி த்ரெட்டில் (பக்கவாட்டில் ஓடும் வேலை) ஓட்டி, விடையைப் பைத்தானின் க்யூவில் (இடைப்பெட்டி) போடுங்கள். ஜன்னல், சிறிது நேரத்துக்கு ஒருமுறை பார்க்கவைக்கும் 'ஆஃப்டர்' வழியே அதை எடுத்துக்கொள்ளட்டும். சேவை நேரத்தை வருகை இடைவெளியாலும் கவுன்ட்டர் எண்ணிக்கையாலும் வகுத்தால் 1 அல்லது அதற்கு மேல் வருகிறதா? சராசரியைக் காட்டாமல், 'வரிசை தீராது' என்று எழுதிக் காட்டுங்கள்.