மைலாரில் தேங்கும் மசி: வாங்கேச்சி முட்டுவின் வழியில் ஒரு கொலாஜ்

1972-இல் நைரோபியில் பிறந்த கலைஞர் வாங்கேச்சி முட்டு, வெட்டிய படத்துண்டுகளை ஒட்டிக் கொலாஜ் செய்கிறவர். அவர் படைக்கும் பெண்களுக்குத் தோலே கொடியாகவும் பூஞ்சையாகவும் படரும். அந்தத் தோல் சாதாரணத் தாளில் வராது. மைலார் எனும் பாலியெஸ்டர் ஃபிலிம் மசியை உறிஞ்சுவதில்லை. மேலேயே தேங்கும் மசி விளிம்பில் கருத்து, நடுவில் வெளிறி உலர்கிறது.

கட்டட வரைபடத்துக்கு விற்கும் சொரசொரப்பான ஃபிலிமில் ஏ3 அளவு ஒன்று வாங்குங்கள். வழவழப்பான பக்கத்தில் மசி பின்னால் உரிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தபின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கைப்பிசுக்கு பட்ட இடத்தில் மசி விலகி வெள்ளைத் திட்டு விழும்.

உருவத்தின் பென்சில் கோட்டுப்படத்தை ஃபிலிமுக்கு அடியில் வையுங்கள், தெரியும். உடலின் வடிவத்துக்குள் வெறும் தண்ணீரைத் தூரிகையால் பரப்பி, 1 பங்கு அக்ரிலிக் மசிக்கு 2 பங்கு நீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். இதைவிட நீர்த்தால் உலர்ந்தபின் தேய்த்தாலே பொடியாக வரும். மேசை சாய்ந்திருந்தால் மசி ஒரு பக்கம் ஓடிவிடும். ஹேர் டிரையர் வேண்டாம். காற்று குட்டையைத் தள்ளி விளிம்பைக் கலைத்துவிடும். ஒரு இரவு அப்படியே விடுங்கள்.

ஃபேஷன் இதழ், மோட்டார் சைக்கிள் படம், விலங்கு, பழைய மருத்துவப் படம் என்று முட்டு எல்லாவற்றையும் வெட்டுவார். கருப்பைக் கட்டிகள் பற்றிய அவருடைய 12 படத் தொடரில் மருத்துவ விளக்கப்படங்களே முகங்களாகின்றன. முழுப் பூவை ஒட்டினால் அது அலங்காரம்தான். இதழின் மடிப்பை மட்டும் வெட்டிக் காதாக வைத்தால் உடம்பாகிவிடும். பிளேடின் நுனி துண்டின் அடியை நோக்கிப் போகும்படி சாய்த்து வெட்டுங்கள், தாளின் வெள்ளை வெட்டுமுகம் மறையும். மிஞ்சியதைக் கலர் பென்சிலால் மூடலாம். துண்டு மசியின் மேல் 2 மி.மீ. ஏறி உட்கார வேண்டும்.

அதிகம் கெடுவது ஒட்டும்போதுதான். நீர்த்த ஃபெவிகாலின் ஈரம் ஃபிலிமுக்குள் இறங்காது, முழுவதும் தாளுக்கே போகும். தாள் உப்பிச் சுருங்கும். அக்ரிலிக் மேட் மீடியத்தை (பளபளக்காமல் உலரும், பசையாகவும் உதவும் அக்ரிலிக் கலவை) துண்டின் பின்புறம் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து வெளியே நீவி, பட்டர் பேப்பர் மூடி, கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுவதும் வையுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் கரையும், லேசர் பிரின்ட் எடுங்கள். நிஜ இலையானால் இரண்டு வாரமாவது அழுத்திக் காயவிடுங்கள். ஈரம் அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாம் காய்ந்தபின், மெல்லிய பேனாவால் மசியிலிருந்து துண்டுக்குள் வேரும் மயிருமாகக் கோடு இழுத்து இணைப்பை மறையுங்கள்.