தோலும் ரெக்சினும்: கார் இருக்கைகளைப் பேணும் முறை

கார் இருக்கையைத் துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன், அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது நல்லது. தோல் இருக்கை என்று சொல்லி விற்கப்படும் பல கார்களில் உடல் படும் பகுதி மட்டுமே உண்மையான தோலாக இருக்கும்; பக்கங்களும் முதுகுப்புறமும் பெரும்பாலும் செயற்கைத் தோல்தான். அந்த உண்மையான தோலும் அநேகமாக நிறமும் பாலியூரித்தேனும் சேர்ந்த மெல்லிய பூச்சால் மூடப்பட்டிருக்கும். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி அப்படியே நின்றால் பூச்சு உண்டு. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் அது பூச்சில்லாத தோல், அதற்கு மிகக் குறைந்த ஈரமே ஆகும்.

பூச்சுள்ள தோலில் நாம் காப்பாற்றுவது உண்மையில் அந்தப் பூச்சைத்தான். தோலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும் என்ற பழைய எண்ணம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. சமையல் எண்ணெயைத் தேய்த்தால் அது உள்ளே இறங்காமல் மேலே தங்கி, தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்குவாடை வீசும். என் கருத்தில், தோலுக்குப் பூசும் விலை உயர்ந்த கண்டிஷனரைவிட ஒழுங்கான துடைப்பே இருக்கையின் ஆயுளைக் கூட்டுகிறது.

முதலில் மென்மையான தூரிகை பொருத்திய வேக்குவம் கிளீனரால் மடிப்புகளிலும் தையல்களிலும் உள்ள மணலை உறிஞ்சி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத் துடைத்தால் அந்த மணலே உப்புக்காகிதம்போலப் பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு, தோலுக்கென்றே தயாரான கிளீனரை இருக்கையின் மேல் நேரடியாகத் தெளிக்காமல், மைக்ரோஃபைபர் துணியில் இட்டு, சிறு சிறு பகுதியாகத் துடைத்து, ஈரத் துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். துளையிட்ட இருக்கையில் இது இன்னும் முக்கியம். துளை வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் பஞ்சையும், காற்றோட்ட வசதியுள்ள இருக்கையானால் அதன் மின்விசிறியையும் கெடுக்கும். சலவைத் தூள், சானிடைசர், நெயில் பாலிஷ் நீக்கி ஆகியவை பூச்சை மங்கச் செய்யும் அல்லது கரைக்கும். ஜீன்ஸின் நீலச் சாயம் வெளிர்நிற இருக்கையில் ஏறினால், ஊற விடாமல் அன்றே துடைப்பதுதான் எளிது.

செயற்கைத் தோலில் இரண்டு வகை உண்டு, இரண்டும் கெடும் விதம் வேறு. பிவிசி ரெக்சினை வளையச் செய்யும் சேர்மங்கள் வெப்பத்தால் மெல்ல வெளியேறுவதால் அது விறைத்து வெடிக்கிறது. பியூ (பாலியூரித்தேன்) வகையோ காற்றின் ஈரத்தால் சிதைந்து செதில் செதிலாக உரிகிறது. உரியத் தொடங்கியபின் எந்தக் களிம்பும் அதை ஒட்டவைக்காது. இரண்டுக்கும் மென்மையான சோப்பு நீரும் நன்கு உலரவிடுவதும் போதும். தோல் கண்டிஷனர் இவற்றுக்குத் தேவையே இல்லை. பளபளப்புத் தரும் சிலிக்கோன் திரவங்களையும் தவிர்த்துவிடலாம், ஏனெனில் வழுக்கும் இருக்கையில் ஓட்டுநர் நிலையாக உட்கார முடியாது.

எந்த வகையானாலும் பெரிய எதிரி வெயில்தான். நிழலில் நிறுத்துவதும், முடியாதபோது முன்கண்ணாடிக்குத் திரை போடுவதும் எந்தத் திரவத்தையும்விடப் பயன் தரும். உறை போட நினைப்பவர்கள், பக்கவாட்டு ஏர்பேக் இருக்கைக்குள்ளேயே அமைந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் வழியை மறைக்காத உறையையே வாங்க வேண்டும்.