பிடித்த படிப்பா, வேலை தரும் படிப்பா: பிளஸ் டூ வீடுகள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு ஒரு படிப்பு பிடித்திருக்கிறது, வீட்டார் வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் படிப்பின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டுதான் இரண்டு பக்கமும் மல்லுக்கு நிற்கின்றன. அதற்குள் என்ன பாடம் இருக்கிறது, முடித்தால் எந்த வேலைக்குத் தகுதி வரும் என்று எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் வீடுகளில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"எனக்குத் தமிழ் இலக்கியந்தானுங்கப்பா வேணும்."

"படிச்சுப்போட்டு என்ன பண்ணுவே கண்ணு? உங்க மாமன் பையன் கம்ப்யூட்டர் படிச்சுப்போட்டு பெங்களூர்ல இருக்கறானல்லோ?"

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் பிள்ளை அதைத் தயார் செய்துகொண்டு போவதில்லை. பி.ஏ. தமிழோடு பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் பள்ளி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். கல்லூரியில் பாடம் நடத்த எம்.ஏ.வுக்குப் பிறகு நெட், செட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். மூன்றிலும் போட்டி கடுமை, காத்திருப்பும் நீளம். பிள்ளை அதையும் மறைக்காமல் அப்பாவிடம் சொல்ல வேண்டும். இந்தக் காத்திருப்பை வீடு தாங்குமா என்று உட்கார்ந்து பேசினால்தான் அது உண்மையான பேச்சு.

அப்பா காட்டிய உதாரணத்திலும் ஒரு ஓட்டை உண்டு. அந்தப் பையன் 2018-ல் சேர்ந்து 2022-ல் வெளியே வந்திருந்தால், ஐ.டி. நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக ஆளெடுத்த நேரம் அது. அடுத்த ஆண்டே அந்த வேகம் குறைந்துவிட்டது. 2026-ல் பி.இ. சேரும் பிள்ளை 2030-ல்தான் வேலைக்கு நிற்கப் போகிறது. ஒரு சொந்தக்காரப் பையனின் சம்பளத்தை வைத்து 2030-ஐக் கணிக்க முடியாது.

ஆசையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆசிரியர் நன்றாக நடத்தியதால் அந்தப் பாடம் பிடித்திருக்கலாம். ஆடு மாடு என்றால் உயிர் என்பதால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும் என்று ஒரு பிள்ளை நினைக்கலாம். அது உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. உடற்கூறு வகுப்பு, செத்த கோழியை அறுத்து நோய் கண்டுபிடிப்பது, ராத்திரியில் கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்குத் தோள் வரை கையை விட்டு உதவுவது எல்லாம் அதில் அடக்கம். இதைக் கேட்ட பிறகும் பிள்ளையின் கண்ணில் ஆசை மங்கவில்லை என்றால் தடுக்காதீர்கள். எந்தப் படிப்பாக இருந்தாலும் பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டத்தை இறக்கி, மூன்றாம் ஆண்டுப் பாடங்களைப் படியுங்கள். முதலாண்டில் பொதுப்பாடங்களே அதிகம் என்பதால் அதை வைத்து ஒன்றும் தெரியாது.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு, எனக்கு அதில் ஆதங்கம் அதிகம். திருப்பூரில் பனியன் கம்பெனி, கரூரில் வீட்டு உபயோகத் துணி, கோவையில் பம்பும் பவுண்டரியும், பொள்ளாச்சியில் தென்னை என்று தொழில் வாசலிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு வரைவதில் ஆசை என்றால் "சோறு போடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். துணி வடிவமைப்பு, ஜவுளித் தொழில்நுட்பம், சாயமிடுதல் ஆகியவற்றில் அந்த ஆசைக்கும் சம்பளத்துக்கும் சேர்ந்தே இடம் உண்டு. பழக்கமான கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரை வாங்கி அனுப்பும்வரை கவனிப்பவர், பக்கத்தில் பிள்ளையை ஒரு வாரம் உட்கார வையுங்கள். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சாம்பிள் அனுப்புவது, நிறம் ஒத்துப்போகாமல் துணி திரும்பி வருவது, ஷிப்மென்ட் தேதிக்கு நடக்கும் ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளையே சொல்லும். வேளாண்மை பிடித்த பிள்ளைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பட்டம் தோட்டத்தோடு நிற்பதில்லை. அரசு வேளாண் அலுவலர், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் போன்ற பணிகளுக்கு அந்தப் பட்டமே தகுதி.

பட்டத்தின் பெயரைக் கவனிக்காமல் சேர்வது பின்னால் வலிக்கும். பெயரில் கவர்ச்சியாக இரண்டு வார்த்தை கூட்டிய சில பட்டங்கள், அரசுப் பணிக்கு அடிப்படைப் பட்டத்துக்கு இணையானவை அல்ல என்று அரசாணை வந்திருக்கிறது. மூன்று ஆண்டு படித்து முடித்த பிறகு விண்ணப்பம் தள்ளுபடியானால் யாரிடம் போய் முட்டுவது? சேரும் முன்பே இணைத்தன்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் சேரும் முன்பே போட வேண்டும். வங்கிகளின் கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொந்தப் பங்கு கட்ட வேண்டியதில்லை. தவணை படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கினாலும், படிக்கும் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வேலை கிடைக்கத் தாமதமாகும் படிப்பை அதிகக் கட்டணக் கல்லூரியில் கடன் வாங்கிப் படிப்பது ஆபத்து. அதே படிப்பை அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்தால் ஆசைக்கு அவகாசம் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், பொறியியல் கலந்தாய்வில் சேர்பவர்களுக்குக் கல்விக்கட்டணச் சலுகையும் உண்டு.

கலந்தாய்வில் செய்யும் தவறு சின்னது, விளைவு பெரியது. பொறியியல் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. போன ஆண்டு கட் ஆஃபைப் பார்த்து "நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்று பிடித்த பாடப்பிரிவைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுகிறார்கள். வரிசைப்படி மேலிருந்து பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் ஒதுக்குவார்கள். கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. அதனால் உண்மையில் வேண்டியதை முதலில் எழுதுங்கள். விருப்பப் பட்டியலை இணையத்தில் உறுதிசெய்து பூட்டுவதற்கு முன் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். பூட்டிய பிறகு மாற்ற முடியாது.