கடுகு ஒட்டிய அட்டை: பாறைக் கோள்களைப் பற்றிய சில தவறுகள்

தொடக்கநிலை 5 படிக்கும் என் மகள், பள்ளிக்காகச் சூரியக் குடும்பத்தை அட்டையில் செய்தாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் சிறு பாறைகளான சிறுகோள்கள் வேண்டுமே? அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி கடுகை அள்ளி நெருக்கமாக ஒட்டிவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அட்டையிலேயே பெரிய தவறு அந்தக் கடுகுதான்.

எல்லாவற்றையும் நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கிப் பாருங்கள். சிங்கப்பூரின் தேக்காவில் 1.4 மீட்டர் அகலப் பந்து ஒன்றைச் சூரியனாக வைத்துவிட்டு, சிராங்கூன் ரோட்டில் நடக்கத் தொடங்குவோம். 58 மீட்டரில் புதன், ஒரு மல்லி விதை. 108 மீட்டரில் வெள்ளி, 150 மீட்டரில் பூமி. இரண்டும் ஊறிய கொண்டைக்கடலை அளவு. 228 மீட்டரில் செவ்வாய், ஒரு காய்ந்த பட்டாணி. பாறைக் கோள்கள் அவ்வளவுதான், நான்கும் ஒரு கரண்டியில் அடங்கிவிடும். வீரமாகாளியம்மன் கோவிலைத் தாண்டிய பிறகுதான் சிறுகோள் பட்டை. அதில் மிகப் பெரியதான சீரிஸ் ஏறக்குறைய 940 கிலோமீட்டர் அகலம். நம் ரோட்டில் அது ஒரே ஒரு ரவை. மற்றவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாத தூசி. வியாழன் 778 மீட்டரில், பெருமாள் கோவிலுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

சினிமாவில் விண்கலம் பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து தப்புவதெல்லாம் சும்மா. 1972இல் பட்டைக்குள் நுழைந்த பயனியர் 10 விண்கலம் அடுத்த ஆண்டு சேதமில்லாமல் வெளியே வந்தது. ‘அங்கே ஒரு கோள் வெடித்துச் சிதறியது’ என்பதும் நம்பக்கூடியதல்ல. பட்டையில் உள்ளதை எல்லாம் திரட்டினாலும் நம் நிலாவின் எடையில் 3 விழுக்காடுதான் தேறும். வியாழனின் ஈர்ப்பு கலைத்துக்கொண்டே இருந்ததால் அங்கே கோள் உருவாகவே முடியவில்லை.

சிறுகோள் என்றால் ஒரே கெட்டிப் பாறை என்றும் நினைத்துவிடுகிறோம். 2020இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் மண்ணெடுக்க பெண்ணு என்ற சிறுகோளைத் தொட்டபோது, அதன் கை ஏறக்குறைய அரை மீட்டர் உள்ளே புதைந்தது. ஜல்லிக் குவியலில் கால் வைத்த மாதிரி.

அடுத்தது, சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சூடு என்ற எண்ணம். இதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு நம்புவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், 147 மில்லியன் கிலோமீட்டரில். அப்போதுதான் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டி, மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போர்வையைத் தேடுகிறோம். ஜூலையில் தூரம் 152 மில்லியன் கிலோமீட்டர். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அப்போதும் வேகத்தான் செய்கிறது. பருவங்களை உண்டாக்குவது பூமியின் 23.4 பாகை சாய்வு. பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் நமக்கு அந்தச் சாய்வின் வேலை அதிகம் தெரிவதில்லை. கோள்களிலும் இதே கதைதான். புதனின் பகல் 430 பாகை செல்சியஸ் வரை போகும், இரவில் கழித்தல் 180க்கு இறங்கிவிடும். அதைவிடத் தள்ளியிருக்கும் வெள்ளி, கரியமில வாயுப் போர்வையால் எப்போதும் 465 பாகையை ஒட்டியே கிடக்கிறது.

சொற்களிலும் சிக்கல் உண்டு. அட்டையைப் பார்த்த என் அம்மா, “ஒன்பது இருக்கணுமே, எட்டுதான் இருக்கு?” என்றார். அவர் எண்ணியது கோவிலில் சுற்றிவரும் நவகிரகங்களை. நான் படித்த காலத்துப் பாடநூலிலும் ஒன்பதுதான், ஆனால் அது வேறு ஒன்பது. நவகிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி இல்லை. ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள். பாடநூலின் ஒன்பதாவது புளூட்டோ. அதுவும் முழுப் பாறை இல்லை, பாறையும் பனியும் கலந்தது. 2006இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது ‘சின்னதாக இருந்ததால்’ என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் தன் பாதையில் மற்றவற்றை ஒதுக்கித் தனக்கென வழி செய்துகொள்ளாததே காரணம். அதே ஆண்டு புளூட்டோவோடு சீரிஸும் குறுங்கோள் ஆனது, அதாவது உருண்டையாக இருந்தும் தன் பாதையை ஒதுக்கிக்கொள்ளாத ஒன்று. சிறுகோள் வேறு, குறுங்கோள் வேறு. சீரிஸ் மட்டும் இரண்டு பெயருக்கும் பொருந்தும். 1801இல் கண்டுபிடித்தபோது அதையும் கோள் என்றுதான் சொன்னார்கள், பாவம்.

இவ்வளவையும் கேட்ட மகள் கடுகு முழுவதையும் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு ரவையை ஒட்டினாள். பசை காய்வதற்குள் அது எங்கே இருக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.