சாடி நிறைந்த செடியைப் பிரிக்கும்போது விடும் தவறுகள்

ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஊறாமல் அடித்துளையால் அப்படியே ஓடுகிறது, துளைக்குள்ளால் வேரும் வெளியே வருகிறது என்றால் அந்தூரியத்தைப் பிரித்து நடும் காலம் வந்துவிட்டது. தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். முதல்நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுநாள் சாடியைச் சரித்து, ஓரத்தைத் தட்டிக் கழற்றுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அந்தூரியத்தின் பக்டீரியா நோய் கத்தியாலும் பரவும். செடியின் சாறு பட்டால் தோல் கடிக்கும், கையுறை போடுங்கள்.

ஆசைக்குப் பத்தாகப் பிரித்தால் பத்தும் வாடும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று இலையாவது இருக்க வேண்டும், சொந்த வேரும் வேண்டும்.

சாடி பெரிதாகிவிட்டாலும் பிரித்த செடி சாகும். சின்னத் துண்டை 12 அங்குலச் சாடியில் வைத்தால், அவ்வளவு ஈரத்தையும் குடிக்க அதற்கு வேர் போதாது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கொழும்பில் அந்த மண் காயவே காயாது. வேர் மூச்சுமுட்டி அழுகும், இலை தொங்கும். தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்! ஒரு வேரை விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். அழுகியதென்றால் தோல் வழுகிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். வேருக்கும் சாடிக்கும் இடையே சுற்றிவர ஓர் அங்குலம் விட்டால் போதும்.

அடியில் கல் நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பிழை. கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே ஈரம் தேங்கும். துளைமேல் ஓட்டுத்துண்டு ஒன்று போதும். தோட்டத்து மண் அந்தூரியத்துக்குக் கனம். தும்புத்தூள், பொச்சுத் துண்டு, செங்கல் துண்டு மூன்றையும் சமமாகக் கலவுங்கள். தும்புத்தூளில் உப்பிருக்கும், இரண்டு மூன்று தரம் அலசியபின் பாவியுங்கள். காற்றில் தொங்கும் வேரை மூடலாம், இலை கிளம்பும் குருத்தை மூடினால் அது அழுகும்.

பாம்புச்செடியை வெட்டினால் இரண்டு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். அதில் மஞ்சள் கரையுள்ள இனத்தை இலைத்துண்டால் பெருக்கினால் கரை போய்விடும், கிழங்கோடு பிரித்தால்தான் நிற்கும்.

புது இலை வரும்வரை உரம் வேண்டாம். பல்கனியில் இரண்டு கிழமை நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். சாடிக்கடியில் தட்டு வைத்தால் கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.