முக்கால் டன்னை வெட்டி அரை டன் ஆக்காதீர்கள்: பழைய ஷெவர்லே பிக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த ஷெவர்லே அட்வான்ஸ் டிசைன் பிக்கப்பில் ஹாட் ராட் (பழைய வண்டியை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) கட்ட இறங்குகிறவர்கள் துருவைப் பார்ப்பார்கள், உரிமைப் பத்திரத்தைப் பார்ப்பார்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமை வகுப்பில் அரை டன் மாடல் 3100, முக்கால் டன் மாடல் 3600 என்று வரும்போதுதான் புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் நாங்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்.

நீளமானதை வாங்கிக் குட்டையாக்குவது

கேபின், பானெட், கிரில், முன் மட்கார்டு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. முன்னால் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 3600 பெரும்பாலும் மலிவாகவும் கிடைக்கும். உடனே ஒரு கணக்கு ஓடும்: இதன் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 125¼ அங்குலம், அதனுடையது 116. ஒன்பதேகால் அங்குலம் வெட்டி வெல்டு அடித்தால் தீர்ந்தது.

எங்கே தீரும்? 3600-இன் சரக்குத் தொட்டி 87 அங்குலம், 3100-இல் 78. ஆகவே பக்கத் தகடு, தரைப் பலகை, இடைப் பட்டைகள் எல்லாம் மாற்ற வேண்டும். ஏறும் படியும் நீளம், அதுவும் போச்சு. ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைத்து பேலன்ஸ் செய்யணும். பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், சைலன்சர் வரிசையாக நிற்கும்.

ஃப்ரேமை நேர்க்கோட்டில் வெட்டி முனைக்கு முனை ஒட்டினால் வளைவு விசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் இறங்கும். அங்கேதான் விரிசல் விடும். படிக்கட்டு மாதிரி வெட்டி, உள்பக்கம் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே இரு சட்டங்களையும் இறுக்கிக் கட்டி மூலைவிட்ட அளவு எடுக்காவிட்டால், வெல்டு சூட்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி நண்டு போல ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் சக்கரத்தில் 8 போல்ட்தான். செலவைக் கூட்டிப் பார்த்தால் நல்ல 3100 ஒன்றையே வாங்கியிருக்கலாம். நீளத் தொட்டி பிடித்திருந்தால் 3600 அருமையான வண்டி. பிடிக்காதென்றால் தொடவே வேண்டாம்.

8 போல்ட்டை அடாப்டரால் மறைப்பது

3600-இல் 6½ அங்குல வட்டத்தில் 8 போல்ட், 3100-இல் 5½ அங்குலத்தில் 6. இடையில் அடாப்டர் தகடு வைத்து 6 போல்ட் சக்கரம் போட்டால் அது வெளியே தள்ளும், டயர் மட்கார்டில் உரசும், பேரிங்குக்கும் சுமை. ஆக்சிலையே மாற்றுங்கள். ஃபோர்டிலும் இதே கதை: அரை டன் எஃப்-1-இல் 5 போல்ட், அதைவிடப் பெரிய எஃப்-2, எஃப்-3-இல் 8.

கிரவுன் விகிதத்தைப் பாராமல் நெடுஞ்சாலை ஏறுவது

3600-இன் கிரவுன் விகிதம் 4.57; அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.57 சுற்று சுற்ற வேண்டும். 30 அங்குல டயரில், நேர் டாப் கியரில், 60 மைல் வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 3,070 சுற்று சுற்றும். இந்த வண்டிகளின் பழைய 216 கன அங்குல எஞ்சினின் ராட் பேரிங், பேபிட் என்ற மென்மையான உலோகத்தில் வார்த்தது. ராடின் அடியில் உள்ள கரண்டியால் ஆயில் தெறித்துத்தான் நனையும். அது நீண்ட நேரம் தாங்காது. எஞ்சினை மாற்றி ஜிஎம்மின் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டால் ஓவர்டிரைவ் 0.70, சுற்று 2,150-க்கு இறங்கிவிடும். விகிதத்துக்காகப் பின் ஆக்சிலைத் தொட வேண்டியதில்லை.

3100 என்றால் எல்லாம் சுலபம் என்பது

1954 வரை 3100-இல் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சிலோடு இணைந்த மூடிய குழாய்க்குள் ஓடும். கியர்பாக்ஸை மாற்றினால் பின் ஆக்சிலும் சேர்ந்து போகும். 3600-இல் திறந்த ஷாஃப்ட். இதில் மட்டும் பெரியது ஜெயிக்கிறது.

பூட்டு வளைய ரிம்

டயரை ஒரு தனி இரும்பு வளையம் பிடித்திருக்கும் ரிம் இது. வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் இறக்காமல் கை வைக்காதீர்கள்.

3800

ஒரு டன், 137 அங்குல வீல்பேஸ். விடுங்கள்.