கடைசி இ.எம்.ஐ. கட்டியாச்சு, வீட்டின் மேல் அடமானம் ஏன் இன்னும் நிற்கிறது?

வீட்டுக்கடனின் கடைசித் தவணை போன அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். இரண்டு வருடம் கழித்து தம்பி கல்யாணத்துக்காக அதே வீட்டை வைத்து வேறொரு வங்கியில் கடன் கேட்டபோது, வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் பதிவுத்துறைச் சான்று) பழைய அடமானம் அப்படியே இருந்தது. கடன் பாக்கி இல்லை என்று வங்கி தந்த என்.ஓ.சி. இருக்கிறது, ஒரிஜினல் பத்திரம் பீரோவில் இருக்கிறது, ஆனால் பதிவுத்துறைக் கணக்கில் வீடு இன்னும் அடமானத்தில். ஐந்து வாரம் அலைந்தோம். கடன் முடிந்த மாதமே செய்திருந்தால் இரண்டு நாள் வேலை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, பணம் கட்டியதும் கணக்கு தானாக மூடிவிடும் என்று நம்புவது. என்றோ ஒரு மாதம் தவணை பவுன்ஸ் ஆனதற்கான கட்டணமோ சில நாள் வட்டியோ பாக்கி இருந்தால், அது 300 ரூபாயாக இருந்தாலும் கணக்கு திறந்தே கிடக்கும். முன்கூட்டியே மொத்தமாக அடைப்பவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள். கடனை முன்கூட்டி அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கி தரும் ஃபோர்குளோஷர் லெட்டரில் உள்ள தொகை ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும்தான் செல்லும், அதைத் தாண்டினால் நாளுக்கு நாள் வட்டி ஏறும், நீங்கள் பழைய தொகையையே கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். பாக்கி பூஜ்ஜியம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட்டைக் கையில் வாங்காமல் கிளம்ப வேண்டாம். ஆட்டோ டெபிட்டையும் அப்போதே ரத்து செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் வாயால் கேட்பது. "அடுத்த வாரம் வாங்க சார்" என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஒரு உத்தரவு போட்டது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் ஒரிஜினல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவாகியிருக்கும் அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். பத்திரம் தொலைந்தோ சேதமாகியோ போனால் நகல் வாங்க உதவி செய்து, செலவையும் வங்கியே ஏற்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தாமதம் யாரால் என்ற கேள்வி வரும்போது உங்களிடம் தேதி போட்ட கடிதமும், அதை வாங்கிக்கொண்டதற்கான சீலோ மின்னஞ்சலோ இருக்க வேண்டும். கடன் கூட்டாக வாங்கியதென்றால் பத்திரம் வாங்க எல்லோரையும் வரச் சொல்வார்கள், அதனால் வெளியூரில் இருப்பவருக்கு என்ன ஏற்பாடு என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் வீட்டுக்கடன் வாங்கும்போது, பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி. என்று ஓர் ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது வழக்கம். என்.ஓ.சி. வந்ததும் அது போய்விடாது. கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்தால்தான் வில்லங்கம் தீரும். இதற்கு வங்கி அதிகாரி நேரில் வர வேண்டியிருக்கலாம், அப்படியானால் எந்த நாள் வருவார் என்பதைப் பத்திரம் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். நடுவில் அதே வீட்டின் மேல் டாப்-அப் என்று கூடுதல் கடன் வாங்கியிருந்தால் இரண்டு எம்.ஓ.டி. இருக்கலாம், இரண்டும் நீங்க வேண்டும். ரசீதில் எம்.ஓ.டி.யின் ஆவண எண்ணும் வருடமும் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் ஒருமுறை வாசியுங்கள். எங்களுக்கு வருடம் தப்பாக அடித்திருந்தார்கள், அதற்கே ஒரு வாரம் போயிற்று. பதிவு முடிந்த சில நாள் கழித்து பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். செர்சாய் என்ற, அடமானங்களுக்கான மத்தியப் பதிவேட்டிலும் நம் சொத்து ஏறியிருக்கும், அங்கே நீக்குவது வங்கியின் வேலை, நீக்கியாச்சா என்று கேட்பது நம் வேலை.

பத்திரத்தை வாங்கும் சந்தோஷத்தில் எண்ணாமல் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது. கடன் வாங்கியபோது நீங்கள் கொடுத்தவற்றின் பட்டியலை எடுத்துப் போய் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம்), கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம் என்று ஒவ்வொன்றாகப் பக்கம் புரட்டிச் சரிபாருங்கள். முன்பு கொடுத்த காசோலைகளையும், கடனுக்காக வங்கி பெயருக்கு மாற்றிக் கொடுத்த ஆயுள் காப்பீட்டு பாலிசியையும் மறக்கவே கூடாது. தாய்ப்பத்திரம் இல்லையென்று ஐந்து வருடம் கழித்துத் தெரிந்தால் போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம் என்று நீங்கள்தான் ஓட வேண்டும்.

பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது 'க்ளோஸ்ட்' என்று வராது, 'செட்டில்ட்' என்றுதான் வரும், அடுத்த கடனுக்கு அது இடிக்கும். முழுதாகக் கட்டியவர்களும் ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள். தப்பாக இருந்து புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. பாக்கி இல்லை என்ற ஸ்டேட்மென்ட், சீல் போட்ட கடிதம், இன்றைய தேதிக்கான வில்லங்கச் சான்று, இந்த மூன்றையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.